பொதுச்சுவர் இல்லாத வீடு

படுக்கையறைச் சுவரை அந்தப் பக்கமிருந்து யாரோ இரண்டு தடவை தட்டினார்கள். தூக்கக் கலக்கத்திலேயே தங்கராஜு கையை நீட்டிப் பதிலுக்குத் தட்டினார். பிறகுதான் கண் விழித்தார். அந்தப் பக்கம் வீடே கிடையாது.

தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில் வளர்ந்த கை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமானால் பக்கத்து வீட்டார் பலகைச் சுவரைத் தட்டுவார்கள். எழுந்துவிட்டோம் என்று திருப்பித் தட்டிவிட்டு, நாம் அடுத்த வீட்டைத் தட்டி எழுப்ப வேண்டும். அடுத்தவர் இருமல், சண்டை, கருவாட்டு நாற்றம் எல்லாம் அந்தப் பலகை வழியாகவே வந்துகொண்டிருக்கும். அது வெறுத்துப்போய்த்தான், புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் பழைய லயத்தை இடித்துப் போட்ட நிலத்தில் தன் இஷ்டப்படி வீடு கட்டினார். பிளான் வரைந்த யோகேந்திரனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, எஞ்செவுரு யாரு செவுரையும் தொடக் கூடாது."

"நாலு பக்கமும் காத்துதான் அங்கிள். பேய் வந்தாக்கூட சுத்திப் பாத்துட்டுப் போயிரும்லா!"

அவர் மனைவி ராக்கம்மாவுக்குத்தான் வீடு பிடிக்கவில்லை.

"திடீர்னு நெஞ்சடைச்சா யாரு செவுத்தத் தட்டுறது?"

"நான் இருக்கேன்ல."

"கிழிச்சீங்க. லோரி ஏறுனாக்கூட எந்திரிக்க மாட்டீங்க."

இப்போது பக்கத்தில் அவள் இல்லை. பொழுது விடிந்தும் விடியாத நேரம். வெளியே செம்பனை ஓலைகளிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருக்க, புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில் புளித்த ரப்பர் பாலின் வாடை கனத்துக் கிடந்தது.

"ராக்கு?"

அடுப்படியில் விளக்கு எரிந்தது. தண்ணீர் கொதித்தது. தோசை மாவில் கரண்டி கிடந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டபடி. முன்கதவும் அப்படியே.

அடுப்படிச் சுவரில், அவள் தோள் உயரத்தில், ஈரம் காயாத மாவு. இரண்டு தடவை தட்டிய விரல் கணுக்களின் அடையாளம்.

அவளும் பதில் தட்டியிருக்கிறாள்.

டார்ச் லைட்டோடு வீட்டைச் சுற்றி ஓடினார். புல். ஈரம். காலடித் தடம் எதுவும் இல்லை. உள்ளே திரும்பியதும் கூடத்துச் சுவரில் தட்டல். அடுத்து பூஜையறைச் சுவரில். வீடு வீடாக எழுப்பிக்கொண்டு வருவதைப் போல. பிறகு படுக்கையறை.

இந்தத் தட்டலில் வளையல் குலுங்கியது.

"என்னாங்க... எந்திரிச்சிட்டீங்களா?" சுவருக்குள்ளிருந்து ராக்கம்மா கேட்டாள்.

நான் இருக்கேன் என்று சொன்னவர் அவர். கை தானாக உயர்ந்தது.

இந்தத் தடவை தட்டவில்லை.

செங்கல் சுவர் பலகையாய் உள்ளே வளைந்தது. பெயிண்ட் விரிந்தது. மாவு அப்பிய ஐந்து விரல்கள் அதில் மெல்ல முளைத்து வந்தன.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் கைகள். வரிசையாக.