போட்டுக் காட்டிய குரல்

காட்டுக்குள் நான் தனியாகப் போவது தைரியத்தால் அல்ல. என் பிழைப்பு அப்படி. சினிமாவுக்கு இயற்கைச் சத்தங்களைப் பதிவு செய்து கொடுப்பவன் நான். கதாநாயகி ஆற்றங்கரையில் நின்று கண்ணீர் விடும்போது பின்னால் ஒரு பறவை கூவினால், அது பெரும்பாலும் நான் கொசுக்கடி வாங்கிப் பிடித்து வந்ததாக இருக்கும். என் பெயர் திரையில் ஓடும் நேரத்தில் தியேட்டரில் துடைப்பக்காரர் மட்டும்தான் இருப்பார். அது வேறு விஷயம்.

அன்று காலை சோதனைச் சாவடியில் வனக்காவலர் என் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒத்தையாவா போறீங்க? கூட ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாங்க. ஆள் வந்தா மூச்சு விடுவாரு. மைக்ல விழும்."

"அப்ப நீங்க மூச்சு விட மாட்டீங்களா?"

"கொஞ்சமா விடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பியைத் தூக்கினார். அதற்குள் மனைவி போனில் அழைத்துவிட்டாள். "காலையிலேருந்து கிளி குக்கர் விசில் அடிச்சிட்டிருக்கு. என் காது கிழியுது. வரும்போது புதுசா எதாவது சத்தம் கொண்டுவாங்க, புண்ணியமா போகும்."

கிளி என்பது எங்கள் மகள். இன்னும் ஒரு வயதாகவில்லை. பேச்சு என்று வந்தது "ப்பா" மட்டும்தான். ஆனால் எந்தச் சத்தம் காதில் விழுந்தாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள், அதனால்தான் அந்தப் பெயர். நான் காட்டிலிருந்து திரும்பியதும் முதலில் அவளை மடியில் வைத்து, அன்று பிடித்த சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவேன். பிடித்துப்போனால் ஒரு வாரத்துக்கு வீட்டில் அந்தச் சத்தம்தான். எங்கள் வீட்டில் பொம்மை வாங்கும் செலவே கிடையாது.

ஓடையை ஒட்டி மேலே ஏறினேன். பாறைகள் சூழ்ந்த ஒரு பள்ளம் வந்தது. நடுவில் பட்டுப்போன பெரிய மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. உச்சி வெயில் நேரத்திலும் அங்கே வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. இலை மட்கிய வாசனைக்கு நடுவே நனைந்த துருவின் வாசனையும் வந்தது. பக்கத்தில் இரும்பு எதுவும் இல்லை. இடம் நன்றாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தட்டு மைக்கை மரத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். வட்டத் தட்டின் நடுவே மைக் இருக்கும். எங்கோ கேட்கும் சத்தத்தை அள்ளிக் காதுக்குள் கொட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். சில்வண்டு, ஓடை, தூரத்தில் ஒரு மரங்கொத்தி.

பிறகு எல்லாம் நின்றது.

ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதிக்குள் ஒரு குரல் எழுந்தது. மெல்லிசாகத் தொடங்கி, ஏறி, நடுவில் இரண்டாகப் பிளந்து, கேள்வி கேட்பதுபோல முடிந்தது. இந்தத் தொழிலில் என் தலை நரைத்துவிட்டது. குரலைக் கேட்டதும் பெயர் சொல்ல முடியாத பறவை எனக்குக் கிடையாது என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஒலியளவைக் கூட்டி அதைப் பதிவு செய்தேன். மறுபடி கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. பறவை முகம் காட்டவில்லை என்றால் அதன் குரலை அதற்கே போட்டுக் காட்டுவோம். தன் இடத்துக்குள் வேறு யாரோ வந்துவிட்டதாக நினைத்து, ரோஷத்தோடு பக்கத்துக் கிளைக்கே வந்து நிற்கும். செய்யக்கூடாது என்பார்கள். எல்லோரும் செய்வோம்.

ஸ்பீக்கரைத் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டேன். அந்தக் குரல் திரும்பத் திரும்ப ஓடும்படி, தோள்பைக்குள் இருந்த பதிவு மெஷினை வைத்தேன். ஹெட்போனைக் கழற்றவில்லை. அது பழக்கம்.

முதலில் வந்தவள் மரத்தின் பொந்திலிருந்து வந்தாள்.

ஒரு சாண் உயரம். காய்ந்த இலையின் நிறத்தில் சிறகுகள். முகம் மனித முகம்தான், என் கட்டைவிரல் நகம் அளவுக்கு. அத்தனை அழகான முகத்தை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் படப் புத்தகத்தில் பார்த்த தேவதை என் முன்னால் பறந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளி பெரியவளானதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் ஸ்பீக்கரின் முன்னால் வந்து நின்றாள். அதன் வலையில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு கையால் மெதுவாகத் தடவினாள். குரல் உள்ளேயிருந்து எழுந்தபோதெல்லாம் அவளுடைய உதடுகள் அசைந்தன.

இடம் பிடிக்க வந்த எதிரியிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

அது ஒரு குழந்தையின் அழுகை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தலாம் என்று மெஷினின் பக்கம் கையை நீட்டினேன். என் அசைவைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள். உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள் இருந்தன.

பொந்திலிருந்தும் பாறை இடுக்குகளிலிருந்தும் அவளைப் போன்றவை கூட்டமாக வந்து கொட்டின. ஸ்பீக்கரை மொய்த்தன. வலையைப் பல்லால் பிய்த்து, காகிதக் கூம்பைக் கிழித்து, காந்தத்தைப் பிடுங்கி, கம்பிகளைக் குடலை உருவுவதுபோல உருவின. நொடியில் அது வெறும் ஓடானது. உள்ளே குழந்தை இல்லை. ஒன்று அந்த ஓட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

ஸ்பீக்கர் செத்துவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை இப்போது என் காதுகளில் அழுதது.

அவை எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

எழுந்து ஓடக்கூட நேரம் இல்லை. முகத்தில் வந்து விழுந்தன. கன்னத்தைக் கடித்து, அந்தச் சதையில் காலூன்றி, ஹெட்போனின் ஓரத்தைக் கவ்வி இழுத்தன. என்னைக் கொல்வது அவற்றின் நோக்கமாகத் தெரியவில்லை. என்னைத் திறக்கப் பார்த்தன. இமையைப் பிடித்து இழுத்தன, உதட்டைப் பிளந்து பல்லுக்குள் கை விட்டுத் தேடின. வலது காதின் அடியில் பற்கள் வரிசையாக இறங்கி அறுப்பதை உணர்ந்தேன். வலியைவிட அந்தச் சத்தம் கொடுமை. எலும்பு வழியாகக் கேட்கும் சத்தத்தை எந்த மைக்கும் பிடிக்காது.

கையில் அகப்பட்டதைப் பிடித்துப் பாறையில் அடித்தேன். ஒன்றின் சிறகோடு முதுகும் கிழிந்து வந்தது. இன்னொன்றை முழங்கையால் நசுக்கினேன். ரத்தம் கறுப்பாக, துரு வாசனையோடு, சட்டையெல்லாம் வழிந்தது. காதருகே ஒன்று ஹெட்போனைக் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. அதைப் பிடுங்கி முஷ்டிக்குள் இறுக்கினேன். முட்டை ஓடு உடைவதுபோல நொறுங்கியது.

அந்தக் குரல் நின்றது. அதே குரல் ஹெட்போனில் தொடர்ந்தது.

மெல்லிசாகத் தொடங்கி, ஏறி, நடுவில் பிளந்து, கேள்வியாக முடிந்தது.

தன் குரலைக் கேட்டு அதுவும் வந்திருக்கிறது. நான் கையைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அதே சமயம் வலப்பக்கம் தோல் கிழிந்து, என் காது ஹெட்போனோடு போனது. வயர் அறுந்து எல்லாம் அமைதியானது. அவள் ஹெட்போன் உறையின் பஞ்சைப் பிய்த்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த என் காதின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. மற்றவை கத்தின.

அதன் பிறகு அவை தேடவில்லை. வெறுமனே கடித்தன. நான் பையோடு உருண்டு ஓடையில் விழுந்தேன். கூடவே விழுந்தவை சிறகு நனைந்து எழ முடியாமல் என் கழுத்தைக் கவ்வியபடியே மூழ்கின. தண்ணீர் என்னை இழுத்துக்கொண்டு போனது. கீழே சாலைப் பாலத்தின் அடியில் வனக்காவலர்தான் என்னைக் கண்டெடுத்தாராம்.

அவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கட்டிலின் ஓரத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்.

"குரங்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். வேற என்னன்னு சொல்றது?"

"நீங்க பாத்தீங்களா?"

"உங்க சட்டைல ஒட்டியிருந்ததைப் பாத்தேன். எரிச்சிட்டேன். யாருகிட்டயும் கேக்காதீங்க." போகும்போது கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.

மருத்துவர் காயங்களைப் பார்த்துக் குழம்பினார். "கடிச்சது ஒண்ணு இல்ல. பல்லும் ரொம்பச் சின்னது," என்றார். பிறகு, வலது காதின் உள்பகுதியும் சிதைந்துவிட்டது, இனி ஒரு காதில்தான் கேட்கும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இனித் தெரியாது, அதற்கு இரண்டு காதும் வேண்டும் என்றார். என் தொழில் முடிந்தது என்பதை இதைவிடப் பக்குவமாகச் சொல்ல முடியாது.

எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்தக் குழந்தையின் குரல் உலகத்தில் இனி ஒரே இடத்தில்தான் இருந்தது. தண்ணீர் புகாத பையில், என் மெஷினில். மனைவியின் தம்பி வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒலிக்கூடத்தில் சத்தங்களை வெட்டி ஒட்டுபவன், அவனைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சான், அந்தக் கார்டுல இருக்கிறதை அழிச்சிடு. கேக்காத. அப்படியே அழி."

"காலையிலேயே அழிச்சாச்சு மாமா. அக்காகிட்ட முந்தாநாளே சொன்னீங்களாமே, மயக்கத்துல. கார்டையும் ரெண்டா உடைச்சு சாக்கடைல போட்டுட்டேன். நிம்மதியா தூங்குங்க."

தூங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு குழந்தையைப் போலத் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்த அன்று பிற்பகல், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மெல்லிசாக ஒரு குரல் தொடங்கியது. ஏறியது. நடுவில் இரண்டாகப் பிளந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "கேட்டீங்களா? புதுசு. குக்கர் விசில் போயே போச்சு."

"யார் போட்டது?"

"நாந்தான். தம்பி மெஷினைக் கொண்டுவந்து வெச்சான். நீங்க இல்லாம இவ தூங்கவே மாட்டேன்னா. எப்பவும் நீங்க வந்ததும் போட்டுக் காட்டுவீங்கல்ல, அதான் அழிக்கிறதுக்கு முன்னாடி மெஷின்லயே ஒரே ஒரு தடவை போட்டேன். ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது?"

உள்ளறைக்கு ஓடினேன். கிளி தொட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் கட்டுகளைப் பார்த்துப் பயப்படவில்லை. "ப்பா" என்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்து, அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள்.

ஜன்னலின் கொசுவலை ஓரமாக அறுந்து தொங்கியது. கத்தியால் அறுத்ததுபோல் இல்லை. விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் கடித்த தடம் இருந்தது. கிளியைத் தூக்கித் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வலது காதின் பின்னால், அடியோடு ஒட்டி, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் அவை தொடங்கியிருந்தன.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. கொசுவலையைக் காட்டினேன். நம்பினாள். துணி மடிப்பதை விட்டுவிட்டு, கிடைத்த பலகையை எல்லாம் எடுத்து ஜன்னல்களில் ஆணி அடித்தாள். கத்திரி இரும்பு வலை வாங்கி வந்து காற்றுப் போக்கியையும் அடைத்தான். குக்கரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தோம், மிக்சியை ஓட்டினோம், நான் நாய், பூனை, ரயில் எல்லாமாகவும் கத்திப் பார்த்தேன். கிளி எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு இப்போது ஒரே சத்தம்தான் தெரியும்.

இதோ, மறுநாள் பிற்பகல். மனைவி சமையலறையில் அசந்து தூங்குகிறாள். கிளி என் மடியில் இருக்கிறாள். பலகை இடுக்கு வழியாக விழும் வெயிலைப் பார்த்தபடி கூப்பிடத் தொடங்கினாள். அதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். என் உள்ளங்கையால் அவள் வாயை மெதுவாகப் பொத்தினேன். அவளுடைய மூச்சு விரல்களில் சூடாகப் பட்டது. உதடுகள் அசையவில்லை.

குரல் நிற்கவில்லை.

மெல்லிசாகத் தொடங்கி, ஏறி, நடுவில் பிளந்து, மறுபடி கேட்கிறது. வீட்டுக்குள்தான் கேட்கிறது. எந்தப் பக்கமிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.