மூன்றாவது ஆணி!

"ஐயோ... அத்தான்!"

கார் ஷெட்டுக்குள்ளிருந்து செல்லத்தாய் போட்ட அலறலில், மத்தியானம் பாயசம் குடித்துவிட்டுப் படுத்திருந்த தெரு மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது.

சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தார் சுயம்புலிங்கம். பக்கத்தில் சாய்ந்து விழுந்த ஏணி. பின்மண்டையில் ரத்தம்.

மூச்சு... இல்லை!

ரப்பர் ஷீட் வியாபாரி. 1953-ல் தக்கலையில் சொந்தக் கார் வைத்திருந்த சிலரில் ஒருவர். அன்று காலையில்தான் அந்தப் பழைய ஆஸ்டினுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, சரஸ்வதி பூஜை கும்பிட்டிருந்தார். மாலை இன்னும் வாடவில்லை. போட்டவர் போய்விட்டார்.

அவர் மனைவி நாகம்மை ஓடி வந்தாள். பார்த்தாள். வாயில் அடித்துக்கொண்டாள்.

"பரணை ஒதுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாவளே! ஏணியில ஏறி விழுந்துட்டாவளே!"

பிறகு சட்டென்று திரும்பினாள்.

"ஏட்டி செல்லத்தாயி! பூஜை வச்ச ஷெட்டுக்குள்ள ஒனக்கு என்ன வேல? எதுக்குட்டி வந்தே?"

செல்லத்தாய் சுவரோரம் ஒதுங்கினாள்.

சுயம்புலிங்கத்தின் தம்பி பெண்டாட்டி அவள். தம்பி விஷக்காய்ச்சலில் போனபின், ஒரு தகரப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அடுக்களையில் ஆட்டுக்கல்லுக்கும் விறகுக்கும் நடுவில் பாய். அதுதான் அவள் இடம். கூட்டுவதற்கும் கழுவுவதற்கும் அவள் வேண்டும். பூஜை என்று வந்தால் மட்டும் அவள் நிழல்கூட வேண்டாம்.

அந்த ஷெட்டைக் கடந்த ஒரு மாதமாக ஒதுக்கித் துடைத்ததே அவள்தான்! துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கினாள். வளைந்ததை நிமிர்த்தித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள். கிரீஸ் பிடித்த ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தாள். கொத்தன் வந்து ஷெட்டின் மூலையில் ஒரு சின்ன அறை தடுத்தான். அதற்கு வெள்ளையடித்ததும் அவள்தான். பிறகு அதில் ஒரு கட்டில் வந்தது.

"இது யாருக்கு அத்தான்?" என்று ஒருநாள் கேட்டிருந்தாள்.

"வீட்டு ஆளுக்குத்தான். நீ வேலையப் பாரு" என்றார் அவர்.

வீட்டு ஆள்! அந்த ஒரு வார்த்தை போதுமே பாவிக்கு. தனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் யூஜின் வந்து சேர்ந்தபோது வெயில் சாயவில்லை.

கூடவே ஏட்டு ஐயப்பன். கைக்கு முன்னால் வாய் ஓடும் ஆசாமி.

யூஜின் ஏணியைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். பிணத்தருகே குனிந்தார்... நிமிரவேயில்லை.

"ஐயப்பா... இங்க பாரும்."

"என்ன ஐயா?"

"காயம் வட்டமா இருக்கு. ஒரு ரூபா துட்டை வச்சு அழுத்தின மாதிரி. தரையில விழுந்தா மண்டை பிளக்கும். இப்படிக் குழி விழாது."

ஐயப்பன் தொப்பியைக் கழற்றினான்.

"சுத்தியல்!"

"ஆமா. சுத்தியல். இது விபத்து இல்ல... கொலை!"

கூட்டத்தில் யாரோ 'முருகா' என்றார்கள். நாகம்மை தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தியலா? அதெப்படி ஐயா? சுத்தியல் பூஜையில்லா இருக்கு!"

சுவரோரம் மரப்பெஞ்சு. அதன்மேல் வாழையிலை. இலையில் ஸ்பானர், குறடு, உளி, திருப்புளி, ஜாக்கி, சுத்தியல். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு.

"இது எதுக்கு?" என்றார் யூஜின். பரம்பரைக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவிர வேறு சடங்கு தெரியாதவர்.

ஐயப்பன் விளக்கினான். "இன்னைக்கு ஆயுதத்தைப் பூஜைக்கு வச்சா, நாளைக் காலம்பற பூஜை எடுக்கது வரைக்கும் யாரும் தொடமாட்டோம் ஐயா. எங்க வீட்டுல என் லத்தியும் பூஜையிலதான். அதான் கையை வீசிட்டு வந்திருக்கேன்."

"சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் நாகம்மை. "காலையில நான்தான் எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வச்சேன். பொறவு சந்தனக்கல்லு, கிண்ணம், குங்குமச் சிமிழு எல்லாத்தையும் பூஜையறையில வச்சுப் பூட்டிட்டேன். சாவி இந்தா என் இடுப்புல. கண்ட கையும் படக்கூடாதுல்லா?"

கண்ட கை எது என்று செல்லத்தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

யூஜின் மூலை அறைப்பக்கம் நகர்ந்தார். புதுக் கதவு. கதவின் வெளிப்பக்கம், பூட்டு மாட்ட ஒரு புதுக் கொண்டி. இரண்டு ஆணி இறுக அடித்திருந்தது. மூன்றாவது ஆணி பாதியில் வளைந்து நின்றது.

"இந்தக் கொண்டி எப்ப அடிச்சது?"



"காலையில இல்ல ஐயா" என்றாள் செல்லத்தாய். "பூஜைக்கு இவிய வர்றது வரைக்கும் நான்தான் ஷெட்டைக் கூட்டிட்டு நின்னேன். அப்ப கதவு வெறுங்கதவு."

சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் உண்மையைச் சொல்லி அவளுக்கு ஒருநாளும் நல்லது நடந்ததில்லை.

"அப்படீன்னா பூஜை வச்ச பொறவு யாரோ சுத்தியலை எடுத்திருக்காங்க!" யூஜின் பெஞ்சுக்கு விரைந்தார்.

"தொடாதீங்கோ ஐயா!" நாகம்மை குறுக்கே வந்தாள். "பூஜை எடுக்காம தொடக்கூடாது!"

யூஜின் தயங்கினார். ஐயப்பன் தயங்கவில்லை. கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டு, "தாயே மன்னிச்சிரு" என்று சுத்தியலைத் தூக்கிவிட்டான்.

தூக்கியவன் கட்டைவிரலைப் பார்த்தான்.

விரலில்... சந்தனம்!

"ஐயா! மத்ததுல எல்லாம் சந்தனம் காய்ஞ்சு வெடிச்சுப்போய் கெடக்கு. இதுல மட்டும் ஈரம்!"

"அடிச்சாச்சு. ரத்தத்தைக் கழுவியாச்சு. மறுபடியும் பொட்டு வச்சு இலையில படுக்க வச்சாச்சு!" யூஜின் பல்லைக் கடித்தார். "எவ்வளவு ஒழுங்கு பாரும்!"

"ஒழுங்குல ஒரு ஓட்டை இருக்கு ஐயா." ஐயப்பன் குரலைத் தாழ்த்தினான். "மத்த எல்லாத்துலயும் சந்தனத்து மேல குங்குமம். இதுல குங்குமம் இல்ல!"

"அதனால?"

"குங்குமத்தைத் தொடாத கை... இந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான்."

அத்தனை கண்ணும் ஒரே இடத்துக்குத் திரும்பின.

செல்லத்தாயின் வெறும் நெற்றிக்கு!

 தாலியை எடுத்த அன்றோடு தன்னை எல்லோரும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். இதோ பார்க்கிறார்கள். தூக்குக்கயிற்றுக்கு அளவெடுக்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

"பழக்கம்!" என்றார் யூஜின். "கொலையை மறைக்கிற அவசரத்துலயும் கை குங்குமத்துக்குப் போகல்ல. சொல்லும்மா. இங்க எதுக்கு வந்தே?"

"ஐயா... அது..."

"சொல்லு!"

"அந்த அறையப் பாக்க வந்தேன் ஐயா." மூலை அறையைக் காட்டினாள். "எனக்குக் கட்டுகாவன்னு நெனச்சேன். எல்லாரும் ஒறங்குகாவ, ஒருக்கா உள்ள நின்னு பாத்துட்டுப் போயிருவோம்னு..."

நாகம்மை சிரித்தாள்.

புருஷன் பிணம் பக்கத்தில் கிடக்க, ஒரு சிரிப்பு. சின்னதாக. கசப்பாக.

"ஒனக்காட்டி? ஒனக்கா?"

"நட" என்று ஐயப்பன் கையைக் காட்டினான்.

செல்லத்தாய் இரண்டு அடி நடந்தாள். அழக்கூட யாரும் இல்லாத ஒருத்தியைத் தூக்கில் போடுவது எவ்வளவு சுலபம்! வக்கீல் வைக்க ஆளில்லை. பார்க்க வர ஆளில்லை. இப்படியே போய்விட்டால், இங்கே அவள் பாயைச் சுருட்டி விறகுமேல் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

அந்த நினைப்பில் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

நின்றாள்.

"ஐயா! ஒண்ணு கேக்கட்டா? எனக்குச் சந்தனம் எங்க கிடைச்சுது?"

"என்னது?"

"ஈரச் சந்தனம்னியளே. அரைக்கணும்லா? கல்லு பூஜையறையில. அறை பூட்டுல. சாவி..."

மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. யூஜினின் கண்கள் நாகம்மையின் இடுப்புக்குப் போய்விட்டன.

"சாவி இடையில யாருக்காவது குடுத்தீங்களாம்மா?"

"நான்... இல்ல... அவ எடுத்திருப்பா!"

"இடுப்புல கெடந்த சாவியையா?" என்றான் ஐயப்பன். பிறகு அவனே தலையைச் சொறிந்தான். "ஆனா ஐயா, இது இடிக்கே! இந்தம்மா நெத்தி நெறையக் குங்குமம். இவிய வச்சிருந்தா குங்குமமும் சேத்தில்லா வச்சிருப்பாவ?"

நல்ல கேள்வி. ஷெட்டில் அதற்குப் பதில் தெரிந்தவள் ஒருத்திதான்...

செல்லத்தாய்!

அவள் நாகம்மையை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். தன் புருஷன் கண்ணை மூடிய அன்று, யாரும் வந்து சொல்லும் முன்பே, சிமிழை எடுக்கப்போன கை பாதியில் நின்றது. யாரும் தடுக்கவில்லை. கை தானாக நின்றது.

"அக்கா..." ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தான் செத்தது அந்நேரம் ஊருல யாருக்கும் தெரியாது. ஒங்க நெத்திக்கும் யாரும் சொல்லல்ல. ஒங்க கைக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. சந்தனம் வச்சிய. சிமிழுக்குக் கை போவல்ல. இல்லியாக்கா?"

நாகம்மை சுத்தியலைப் பார்த்தாள்.

 பிறகு புறங்கையால் நெற்றியை ஒரே இழுப்பில் துடைத்தாள். குங்குமம் புருவத்தில் அப்பியது.

"ஆமா" என்றாள்.

"ஏம்மா?" யூஜினின் குரல் இறங்கியிருந்தது.

"சாப்பிட்டதும் பூஜையில இருந்த சுத்தியலை எடுத்தாவ. தொடாதீங்கோன்னு பின்னாலயே வந்தேன். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு, குலசேகரத்துல இருந்து ஆளு வருது, அதுக்குள்ள வேல முடியணும்னாவ. என்ன ஆளுன்னு கேட்டேன்." மூச்சு விட்டாள். "அங்க ஒருத்திய வச்சிருக்காவளாம். அவ முழுகாம இருக்காளாம். நான் மலடியாம். வீடு அவளுக்காம். இந்த அறை எனக்காம்!"

செல்லத்தாய் வளைந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டு ஆளுக்கு அறைன்னா உள்ள இல்லா கொண்டி வேணும், வெளிய எதுக்குன்னு கேட்டேன். அவ வந்தா நீ சண்டைக்குப் போவேல்லா, அன்னைக்குப் பூட்டணும்லான்னு சிரிச்சாவ. மூணாவது ஆணி வளஞ்சுபோச்சு. வேற ஆணி எடுத்துத் தாட்டின்னாவ. என்கிட்டயே கேட்டாவ ஐயா... என்னய அடைக்க கொண்டிக்கு என்கிட்டயே ஆணி! நான் அசையல்ல. சுத்தியலைக் கீழ வச்சுட்டு அவியளே சிரட்டையில குனிஞ்சு தேடினாவ."

மேலே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நாகம்மை செல்லத்தாய் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா பாட்டுப் பாடிட்டே வெள்ளையடிச்சியே... அது எனக்குட்டி. எனக்கு!"

"தெரியாதுக்கா." செல்லத்தாய் அழுதாள். "ஆனா என்னயக் கயித்துல தொங்க விடப் பாத்தியளே. ஒங்களுக்கு மனசு வந்துச்சா?"

"வந்துச்சு. ஒனக்குன்னு போவதுக்கு என்ன இருக்கு?"

அடித்த மாதிரி விழுந்தது அது.   செல்லத்தாய்க்குக் கேட்டவள்மேல் வெறுப்பு பொங்கியது. அதே நேரம், கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இந்தப் பெரிய வீட்டில் அவளும் இவளும் ஒரே சின்ன அறைக்குத்தான் காத்திருந்தார்கள். ஒருத்தி ஆசையோடு. இன்னொருத்தி தெரியாமல்.

சுத்தியலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார் யூஜின். ஜீப்பில் ஏறப்போன நாகம்மை, படியில் கால் வைத்தபடி நின்றாள்.

"ஏட்டையா... லாக்கப்புலயும் கொண்டி வெளியதானா?"

ஐயப்பன் மீசையைத் தடவினான்.

"ஆமாம்மா! ஆனா அங்க மூணாவது ஆணியும் ஒழுங்கா அடிச்சிருக்கு!"