முப்பத்தொன்றாவது கையெழுத்து

பிணம் உட்கார்ந்திருந்தது.

கவாலா துறைமுகத்தின் கிழக்கு ஓரம். நெத்திலி பதப்படுத்தும் தொழிற்சாலை. ஆண்கள் உடை மாற்றும் அறை. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி.

உப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பொலிக்ரோனிஸ், மரப் பெஞ்சில் முதுகு நிமிர்ந்து, முழங்கால் மடங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்கைகளும் எதன் மேலோ ஊன்றியது போல அந்தரத்தில் நின்றன.

இன்ஸ்பெக்டர் எவந்தியா குனிந்து பார்த்தாள்.

பெஞ்சுக்குக் கைப்பிடி கிடையாது.

"ஹார்ட் அட்டாக் மேடம்," என்றார் முதலாளி கிளியாந்திஸ். கழுத்தில் ரோமப் பட்டை வைத்த கோட்டு. விரல்களில் மணிக்கோவை உருண்டுகொண்டே இருந்தது. "நேத்து மத்தியானம் என் ஆபீஸுக்கு வந்தான். கையெழுத்துப் போட்டான். சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனான். ட்ரெஸ் மாத்த வந்த இடத்துல... பாவம்."

அந்தப் 'பாவ'த்தை, விலை போகாத மீனைக் கூடையை விட்டுத் தள்ளுகிற தொனியில் சொன்னார்.

"என்ன கையெழுத்து?"

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் ஸஃபீரிஸ் முந்திக்கொண்டான். "புது சம்பள ஒப்பந்தம் மேடம். ஊழியர் கூட்டமைப்புக்கு நான்தான் தலைவர்."

"எத்தனை நாளா தலைவர்?"

"பத்து நாளா."

"கூட்டமைப்பு ஆரம்பிச்சு?"

"பத்து... பத்து நாள்தான் மேடம்."

எவந்தியாவுக்குப் புரிந்தது. நாடு திவால் வாசலில் நிற்கத் தொடங்கி மூன்றாவது வருடம். தொழிற்சங்கத்தோடு பேரம் பேசியே தீர வேண்டும் என்ற பழைய தொல்லை முதலாளிகளுக்கு இப்போது இல்லை. ஊழியர்களில் ஐந்தில் மூன்று பேர் 'கூட்டமைப்பு' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். சங்கம் வாதாடி வாங்கிய சம்பளத்தை அந்தத் தாளாலேயே வெட்டலாம். கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

"பொய்."

குரல் வாசலில் இருந்து வந்தது. ரப்பர் கையுறை, மீன் செதில் ஒட்டிய ஏப்ரன். பொலிக்ரோனிஸின் மனைவி பெலாகியா. அதே தொழிற்சாலையில் மீன் அரியும் பிரிவு. அழுது முடித்த கண்கள்.

"அந்த மனுஷன் கையெழுத்துப் போடலை. நானும் போடலை. தாசோஸ் தீவுக்கு லோடு கொண்டு போயிருக்கார்னு புதன்கிழமை சாயந்தரம் இந்த ஸஃபீரிஸ்தான் சொன்னான். கப்பல்காரங்க ஸ்ட்ரைக், அங்கேயே மாட்டிக்கிட்டார்னான். அவர் போன்ல இருந்து மெசேஜும் வந்தது."

செல்போனை நீட்டினாள். எவந்தியா படித்தாள்.

'கப்பல் இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன். தயவுசெய்து கவலைப்படாதே.'

"நம்பினீங்களா?"

"கப்பல் ஓடலைங்கறது நிஜம்தானே, நம்பிட்டேன். ஆனா ராத்திரி பூரா அந்தத் 'தயவுசெய்து' உறுத்துச்சு மேடம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதில்லை."

கான்ஸ்டபிள் ஆர்கிரிஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிணத்தைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். தோல் மெத்துன்னு இருக்கு. அழுத்திப் பார்த்தா உள்ளே கல். வயித்துக்குள்ள இன்னும் ஐஸ் உருகலை. இவர் ரெண்டு நாளாவது ஃப்ரீசர்ல இருந்திருக்கார்."

மணிக்கோவை நின்றது.

எவந்தியா பிணத்தின் அந்தரத்து முழங்கைகளை மறுபடி பார்த்தாள். வலது சட்டைக் கையில் ஒரு சின்னக் கிழிசல்.

"ஆர்கிரிஸ், கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணு இங்கே எங்கேயோ இருக்கு. தேடு. குளிர் அறையில ஆரம்பி."

ஆறே நிமிடத்தில் ஆர்கிரிஸ் அதை உருட்டிக்கொண்டு வந்தான். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. தோல் இருக்கை முழுக்க வெண்பனி. கைப்பிடியில் நீலச் சட்டைத் துணி ஒரு துண்டு ஒட்டி உறைந்திருந்தது.

"நெத்திலிப் பெட்டிக்குப் பின்னால மேடம். பிணத்தை எடுத்தவனுக்கு நாற்காலியை எடுக்கத் தோணலை. பின்னாடி முதலாளி பேரு வேற ஒட்டியிருக்கு."

"அது... அது பழைய நாற்காலி," என்றார் கிளியாந்திஸ். "யாரோ திருடி..."

"ஸஃபீரிஸ்," என்றாள் எவந்தியா, முதலாளியைத் திரும்பியும் பார்க்காமல். "கொலைக் கேஸ்ல முதல்ல பேசறவனுக்குத் தண்டனை குறையும். ரெண்டாவதா பேசறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது."

பத்து நாள் தலைவருக்கு யோசிக்க மூன்று விநாடி போதுமாக இருந்தது.

"புதன்கிழமை மத்தியானம் அவனை மேலே கூப்பிட்டோம் மேடம். மொத்தம் அம்பத்தோரு பேர். முப்பது பேர் போட்டாச்சு. அஞ்சுல மூணுன்னா முப்பத்தொண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு குறைஞ்சது. அவன் போட மாட்டேன்னுட்டான். முதலாளி கத்தினாரு, அவனும் கத்தினான். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அந்த நாற்காலியில சாஞ்சான். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கன்னான்."

"கூப்பிட்டீங்களா?"



"முதலாளி பேனாவை நீட்டினாரு. 'முதல்ல கையெழுத்து, அப்புறம் ஆம்புலன்ஸ்'னாரு."



"போட்டாரா?" பெலாகியாதான் கேட்டாள்.

"இல்ல. பேனாவைத் தட்டி விட்டுட்டான். கொஞ்ச நேரத்துல..."

பெலாகியா மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள். கணவர் அருகில் போய், அந்தரத்தில் நின்ற ஒரு கையைத் தன் இரண்டு கையுறைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள்.

"ஒப்பந்தத் தேதி வெள்ளிக்கிழமை," என்றாள் எவந்தியா. "புதன்கிழமை செத்தவர் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட முடியாது. அதனால ரெண்டு நாள் அவரை உயிரோட வச்சிருந்தீங்க. ஃப்ரீசர்ல. கையெழுத்தை யார் போட்டது?"

"நான்தான் மேடம்," என்றான் ஸஃபீரிஸ். "மெசேஜும் நான்தான். மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

ஆர்கிரிஸ் விலங்கை எடுத்தான். கிளியாந்திஸின் மணிக்கோவை தரையில் விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

முற்றத்துக்கு வந்தார்கள். ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நின்றிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களும், போடாதவர்களும்.

எவந்தியா நின்றாள்.

"ஒரு கணக்குக் கேக்கறேன், கிளியாந்திஸ். வெள்ளிக்கிழமை பொலிக்ரோனிஸ் உயிரோட இல்ல. அப்போ உங்க ஊழியர் மொத்தம் எத்தனை பேர்?"

"அம்பது."

"அம்பதுல அஞ்சுல மூணு?"

கிளியாந்திஸின் உதடுகள் அசைந்தன. விலங்கு பூட்டிய கையின் விரல்களைக் கூட மடக்கிப் பார்த்தார்.

முகம் வெளிறியது.

"முப்பது," என்றாள் எவந்தியா. "முப்பது கையெழுத்து உங்க கையில ஏற்கெனவே இருந்தது. புதன்கிழமையே சாவைச் சொல்லியிருந்தா மாரடைப்புன்னு எழுதிக் கொடுத்திருப்பாங்க. பேனா நீட்டினது வெளியே வந்தே இருக்காது. ஃப்ரீசர் வேண்டாம், மெசேஜ் வேண்டாம், கள்ளக் கையெழுத்து வேண்டாம். தேவையே இல்லாத ஒரு கையெழுத்துக்காக மாட்டிக்கிட்டீங்க."

கிளியாந்திஸ் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் போலும் என்று ஸஃபீரிஸே நினைத்தான்.

பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ மேடம்... அந்த முப்பதை வச்சு ஒப்பந்தம் செல்லும்தானே?"

சுவரோரம் நின்றவர்களில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்காக அல்ல. இப்போதுதான் முதலாளியைச் சரியாகப் பார்ப்பது போல.

ஆர்கிரிஸ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க சார். நாட்டுல இன்னிக்கு ஆள்குறைப்பே இல்லாத ஒரே இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறோம்."