பதினாறுக்குப் பதினைந்து

தாமிரா 240-இல் பேசினாள். இணைகுரல் 160-இல் பதில் சொன்னது. மூன்றுக்கு இரண்டு. சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பது போல வீடே இனித்தது. சமையலறையில் நின்ற கோமளவல்லிக்கு மட்டும் வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடங்களை மூடி, வீட்டுக்கொரு இணைகுரலைச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளையின் குரல் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளந்து, அதற்கு இசைவான விகிதத்தில் தன் குரலை வைத்துக்கொண்டு பாடம் சொல்லித்தரும் கருவி அது. இசைவாகக் கேட்டதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. பதினான்கு வயதுக்காரி ஒரு சுவரோடு சிரித்துச் சிரித்துப் பேசுவதைப் பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோமளவல்லி சும்மா இருக்கிற ஆள் இல்லை. கணக்கில் பட்டம் வாங்கியவள். இசையும் கணக்கும் தொடுகிற இடத்தையாவது தானே காட்டித் தர வேண்டுமென்று ஒரு பலகையில் ஆணி அடித்துக் கம்பி கட்டினாள்.

“இங்க பாரு. முழுக் கம்பி ச. மூணுல ரெண்டு பங்குல விரல வச்சா...”

“ப. பாதியில வச்சா மேல் ச. இணை நேத்தே சொல்லிடுச்சும்மா.”

“அது வாயாலதான சொல்லும். சரி, ச பாடு, நானும் பாடறேன்.”

இருவரும் பாடினார்கள். தாயின் குரல் மகளின் குரலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சேரவும் இல்லை, விலகவும் இல்லை. தாமிரா புருவத்தைச் சுருக்கிக் கண்களை மூடிக்கொண்டாள். என் குரல்கூடப் பிடிக்கவில்லை இவளுக்கு என்று கோமளவல்லி முடிவு கட்டினாள்.

கேட்பவர் காதுக்கு இனிக்கும்படி தங்கள் குரலை மாற்ற வக்கீல்களும் வீட்டுமனை விற்பவர்களும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இசைவுப் பட்டையை அன்றே வரவழைத்தாள். இணைகுரலைச் செய்த அதே நிறுவனத்தின் சரக்கு. ஒரு மாதத்தில் தொண்டை பழகிவிடும், பிறகு பழைய குரல் திரும்பாது என்று உறையிலேயே போட்டிருந்தது. திரும்பி யாருக்கு வேண்டும் என்று நினைத்தாள். பட்டையை 160-இல் வைத்து ஒட்டிக்கொண்டு, மகளிடம் காரணம் சொல்லாமல் கரூரில் தங்கை வீட்டுக்குப் போய் அந்த மாதத்தைக் கழித்தாள்.

திரும்பி வந்தபோது தாமிரா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பலகை. அதில் இன்னொரு கம்பியையும் கட்டியிருந்தாள்.

“தாமிரா, சாப்பிட வாம்மா.”

240-க்கு 160. அப்பழுக்கில்லை.

“பசிக்கல இணை,” என்றாள் மகள், திரும்பாமலே. “இன்னைக்கு அம்மா வர்றாங்க. அவங்க கூப்பிடட்டும்.”

கோமளவல்லி பையைக் கீழே வைத்தாள். “ஏன், நான் கூப்பிட்டா என்ன?”

“உன் குரல் என் குரலோட அப்படியே ஒட்டிக்குது. தனியா ஒரு ஆள் இருக்கற மாதிரியே இல்ல. அம்மா 225. எனக்கு அவங்க பதினாறுக்குப் பதினஞ்சு. ரெண்டும் உரசினா படபடன்னு ஒரு துடிப்பு வரும். அன்னைக்குக் கண்ண மூடிக் கேட்டேனே, நெஞ்சுலயே வந்து தட்டுச்சு. அத இந்தக் கம்பியில வரவைக்கத்தான் மாசம் பூரா பாக்கறேன். அந்த மாதிரி வரல.”

கோமளவல்லி தொண்டையைச் செருமினாள். பழைய இடத்தைத் தேடினாள்.

“நான்தான்டி. அம்மா.”

160.

தாமிரா சிரித்துக்கொண்டே கம்பியை முறுக்கினாள்.

“நல்லாதான் நடிக்கற. ஆனா அவங்க குரல் உனக்கு வராது, இணை.”