பொத்தானை அழுத்தியவர்கள்

பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்குள் அக்காவும் தம்பியும் நுழைந்தபோது நல்ல மத்தியானம். உள்ளே மட்டும் கும்மிருட்டு. எலி செத்த நாற்றம். பாழடைந்த வீடுகளில் பேயைப் பார்த்துப் பயந்ததுபோல நடித்துக் குட்டி வீடியோ போடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. இன்று அக்காவின் போனிலிருந்து நேரலை. பார்ப்பவர்களின் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும்; அதிகம் பேர் அழுத்துவதைத் தம்பி செய்தாக வேண்டும். பொத்தானில் வரும் வார்த்தைகளைப் போட்டுவிடுவது அக்கா. இந்தப் புது வசதி வந்ததிலிருந்து கூட்டம் அள்ளியது.

‘இடது அறை’, ‘வலது அறை’ என்று போட்டாள். இடது வென்றது. அங்கே ஒரு மேசை. அதன்மேல் துருப்பிடித்த சுத்தியல்.

"அடுத்து என்னக்கா?"

"இருடா, நான் இன்னும் எதுவும் போடல."

ஆனால் திரையில் வந்துவிட்டது. ‘தொடாதே’, ‘எடுத்து அடி’. ஜனங்களும் அழுத்திவிட்டார்கள்.

தம்பியின் வலது கை சுத்தியலைத் தூக்கியது. இடது கை தானாகவே மேசைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"அக்கா... என் கை நான் சொல்றதக் கேக்கல."

சுத்தியல் இறங்கியது.

விரல்கள் நொறுங்கிய சத்தம். நேரலையை நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. பாய்ந்து சுத்தியலைப் பிடித்தாள். அவன் உதறிய வேகத்தில் சுவரில் மோதி விழுந்தாள்.

திரையில் ‘போதும்’, ‘இன்னும்’.

கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். "போதும்னு அழுத்துங்க. இது நடிப்பில்லைங்க. என் தம்பி செத்துருவான்."

‘அக்கா இன்னிக்குப் பின்றாங்க’ என்று யாரோ எழுதினார்கள். எத்தனை வீடியோவில் இதே மாதிரி அழுதிருக்கிறாள், பாவி. ‘இன்னும்’ எகிறிக்கொண்டே போனது.

மறுபடி இறங்கியது.

மறுபடி.

ரத்தம் முகத்தில் தெறிக்க, அவள் போனைத் தரையில் ஓங்கி அடித்துச் சுக்குநூறாக்கினாள். அப்போதுதான் அவன் கை நின்றது.

ஆஸ்பத்திரியில் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மருந்து மயக்கத்தில் தூங்கினான். உயிராவது மிஞ்சியதே என்று அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நர்ஸ் தயங்கித் தயங்கி வந்து தன் போனை நீட்டினாள். "இது நீங்கதானேக்கா?"

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. இதே வார்டு. கூரையிலிருந்து யாரோ பிடித்த மாதிரி தம்பியின் கட்டில், அருகே அவள், நர்ஸ். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘தூங்கட்டும்’, ‘கழுத்து’.

"நீங்க எதம்மா அழுத்துனீங்க?"

நர்ஸின் முகம் வெளுத்தது. "சும்மா வெளையாட்டுக்குத்தான்க்கா. நடிப்புன்னு நெனச்சேன்."

தம்பி கண் திறக்கவில்லை. அவனுடைய மிச்சமிருந்த கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து அவன் கழுத்தைத் தடவியது.