வேலையில்லாத கம்பி

ட்ரிங்... ட்ரிங்...

சிதம்பரம் கீழவீதி அலுவலகத்தில் இன்ஜினியர் மணவாளன் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

அழ வேண்டும் அல்லவா!

"கடலூர் ட்ரங்க் கால். பேசுங்க" என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண்.

"ஹலோ..." குரலை நடுங்கவிட்டான்.

"மாப்ளே! நான்தான் சுப்பராயலு!"

கைக்குட்டை நழுவித் தரையில் விழுந்தது.

இந்நேரம் இறந்திருக்க வேண்டிய மனிதர் பேசுகிறார்!

"ம... மச்சான்! முதல் எடை... போட்டாச்சா?"

"எங்க போட்டோம்! உங்க கையாலதான் போடணும்னு அமிர்தம் ஒத்தக் கால்ல நிக்கிறா. கார் அனுப்பிட்டேன். வந்து சேருங்க!"

லைன் அறுந்தது.

மேஜைமேல் ஈர்க்குச்சிகளால் கட்டிய முக்கோணம் ஒன்று நின்றது. கடலூர் முதுநகரில், மச்சான் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் கூரையைத் தாங்கும் சட்டங்களின் சிறு மாதிரி அது.

சாய்ந்த கட்டைகள் இரண்டும் ஓட்டுப் பாரத்தைச் சுமக்கும். அவை விரிந்துவிடாதபடி கீழ்க்கட்டை இழுத்துப் பிடிக்கும். உச்சியிலிருந்து கீழ்க்கட்டையின் நடு இணைப்புக்கு இறங்கும் இரும்புக் கம்பிக்கோ, அந்தப் பாரத்தில் பங்கே இல்லை. கணக்குப் போட்டால் பூஜ்யம்!

ஆனால், அந்த இணைப்பில் தராசைத் தொங்கவிட்டு மூட்டையை ஏற்றினால்... முழுப் பாரமும் கம்பியின்மேல்!

கம்பியின் அடியில் ஒரே ஒரு நட்டு. அது இல்லையென்றால் இணைப்புப் பிளக்கும். கட்டைகள் விரியும். கூரை... தராசருகே நிற்பவர் தலையில்!

அறுவடைக்குப் பின் முதல் மூட்டையை முதலாளியே அருகில் நின்று நிறுப்பது அந்தக் கிட்டங்கியின் வழக்கம். சுப்பராயலுவுக்கு மனைவி மக்கள் கிடையாது. சொத்தெல்லாம் தங்கை அமிர்தத்துக்கு. அதாவது... அவள் கணவன் மணவாளனுக்கு!

ஆட்டுப்பட்டியின் வேலியைச் சோதிக்க ஓநாயை அழைத்த கதையாக, கூரையைச் சோதிக்க மணவாளனையே அழைத்தார் மச்சான். ஓநாய் ஏணியில் ஏறியது. நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கியது.

இப்போது போகாவிட்டால் சந்தேகம் வரும். போனால்... விலகி நின்றால் போதும்!

காரில் ஏறினான்.

உப்பனாற்றங்கரைக் கிட்டங்கியில் சாம்பிராணிப் புகை. அவன் நட்டைக் கழற்றிய முதல் முக்கோணச் சட்டத்தில் ஒரு தராசு. அடுத்த சட்டத்தில், வாசலருகே, இன்னொன்று. நேற்றே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்ட அமிர்தம், தலை நிறையப் பூவோடு நின்றாள்.

"வாங்க மாப்ளே! இப்படித் தராசு பக்கத்துல வந்து நில்லுங்க."

"எனக்குக் கை சுளுக்கு, மச்சான்..."

"பேனா புடிக்கிற கைக்கு மூட்டை ஜாஸ்திதான்! ஆளுங்க தூக்குவாங்க. நீங்க சும்மா நின்னாப் போதும்."

சும்மா நின்றால் போதுமாம்!

"இப்ப ராகு காலமாச்சே..."

"அது அப்பவே போயிடுச்சு!"

அமிர்தம் முன்னே வந்தாள். "விடுண்ணே. அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

தராசருகே போய் நின்றும்விட்டாள்.

'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும்.

மணவாளன் அந்தச் சொல்லை விழுங்கினான். மனைவி போனால் இன்னொருத்தி கிடைப்பாள். தன் கழுத்துப் போனால் இன்னொரு கழுத்துக் கிடைக்குமா?

அடி மேல் அடி வைத்துப் பின்வாங்கினான். வாசலருகே இருந்த தூண் முதுகில் முட்டியது.

தொம்!

மூட்டை தட்டில் இறங்கியது. சங்கிலி முறுகியது. கம்பி விறைத்தது...

ஒன்றும் ஆகவில்லை!

"எடை சரியா இருக்குண்ணே" என்றாள் அமிர்தம். "ஆனா, எல்லாரும் தராசு முள்ளைப் பாத்தாங்க. இவரு மட்டும் கூரையைப் பாத்தாரு."

"இன்ஜினியர் கூரையைப் பாக்காம வேற எதைப் பாப்பான்?" என்றான் மணவாளன்.

"பொண்டாட்டியைப் பாத்திருக்கலாமே!"

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து காக்கிச்சட்டை ஒன்று எழுந்தது. இன்ஸ்பெக்டர் லூர்துசாமி!

"உங்க சட்டையைத் துவைக்கிறப்போ, எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு நட்டு கிடைச்சுது" என்றாள் அமிர்தம். "ஈர்க்குச்சியைக் காட்டி, 'இந்தக் கம்பிக்கு ஒரு வேலையும் இல்லடி, உன்னை மாதிரி'ன்னு சிரிச்சீங்களே... அது ஞாபகம் வந்துச்சு. அண்ணன்கிட்ட குடுத்தேன். மறுபடி மாட்டியாச்சு."

மணவாளன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஒரு நட்டு சாட்சி சொல்லுமா இன்ஸ்பெக்டர்? இது கோர்ட்ல நிக்குமா?"

லூர்துசாமி தலையைச் சொறிந்தார். "நிக்காது."

"தெரியும்" என்றாள் அமிர்தம். "அதனாலதான், நீங்க நிக்கிற இடத்துக்கு மேல இருக்கிற நட்டைக் கழட்டிட்டேன்."

தடால்! ஆள் ஒருவன் வெளியிலிருந்து கதவைச் சாத்தினான். உள்ளே ஓடும் வழியை மற்ற ஆட்கள் மறித்து நின்றார்கள்.

அமிர்தம் நிதானமாக நடந்து வந்தாள். தூணருகே உயர்ந்து நின்ற அடுக்கின் விளிம்பில் இருந்த மூட்டைமேல் இரு கைகளையும் வைத்தாள். அதன் நேர்கீழே... இரண்டாவது தராசின் தட்டு!

"அடியே! பைத்தியமா உனக்கு? நீயும் சேந்து சாவே!"

"நான் தனியா சாவுறதை வேடிக்கை பாத்தீங்கல்ல? இப்ப சேந்தே போவோம்."

மூட்டை ஓர் அங்குலம் நகர்ந்தது.

ஓநாய் இப்போது பட்டிக்குள்! தாழ்ப்பாள் வெளியே!

"தள்ளாதடி! ஐயோ... நான்தான் கழட்டினேன்! மச்சானைக் கொல்லத்தான் கழட்டினேன்! கையை எடுடி!"

கிட்டங்கி முழுதும் எதிரொலித்தது.

லூர்துசாமி விரைந்து வந்து, விலங்கின் ஒரு வளையத்தை அவன் கையில் மாட்டினார். மறு வளையத்தைத் தூணிலிருந்த இரும்புக் கொக்கியில் பூட்டினார்.

"இத்தனை பேர் காதுல விழுந்தாச்சு. இங்கேயே இருங்க, வண்டியைக் கொண்டாரச் சொல்றேன்." அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். "பிரமாதம்மா! நிஜமாவே நட்டைக் கழட்டின மாதிரி என்னா நடிப்பு!"

"நடிப்பா சார்?"

அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளங்கையில்... எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நட்டு!

விளிம்பில் இருந்த மூட்டை, யாரும் தொடாமலே, மெல்லச் சரியத் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். கதவை உதைத்துத் திறந்துகொண்டு தெருவுக்கே பாய்ந்துவிட்டார்!

மணவாளன் விலங்கை வெறிகொண்டு இழுத்தான். "அமிர்தம்! மூட்டையைப் புடிடி! அமிர்தம்!"

அமிர்தம் நல்ல நட்டு மாட்டிய முதல் சட்டத்தின் கீழே, அண்ணன் அருகில் போய் நின்றுகொண்டாள்.

"சார்! கைதியை விட்டுட்டுப் போறீங்களே!" என்று கத்தினார் சுப்பராயலு.

தெருவிலிருந்து பதில் வந்தது.

"அவரு இன்ஜினியராச்சே! எப்ப விழும்னு கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்க... அதுக்கப்புறமா நான் உள்ள வர்றேன்!"