சுற்றாத முகம்

"எட்டு வேளை சாப்பாடுங்க! சாயந்தரமானா பேண்டு வாத்தியம், நீந்தறதுக்குத் தொட்டி... கப்பல்ல உல்லாசமாப் போறவங்களுக்குக் கரைக்கு வரவே மனசு வராது!"

ஓசூரிலிருந்து பேரிகை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜெபராஜின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. பம்பாய்க் கப்பலில் பரிமாறுகிற வேலை. லீவில் வந்தவன் வாயைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா! முன் சீட்டில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்திருந்த தேவமணிக்குப் பொறுக்கவில்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவள். இன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சென்னம்மாவின் தலைப்பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

வெடுக்கென்று திரும்பினாள்.

"ஆயிரம் பேருக்கு ஒரே சமையல்கட்டு, ஒரே தண்ணித் தொட்டி. ஒருத்தருக்கு வாந்திபேதி வந்தா மத்தவங்க எங்கங்க எறங்கி ஓடறது?"

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. ஜெபராஜ் அவளையே பார்த்தான். என்ன கண்கள்! திட்டும்போதே இப்படியென்றால்...

ஆற்றங்கரையில் பஸ் நின்றுவிட்டது. ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை. தரைப்பாலத்தின் மேல் தென்பெண்ணை செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் சென்னம்மாவின் புருஷன் கோவிந்தப்பன் கையை வீசிக் கத்தினான்.

"நர்ஸம்மா! வலி எடுத்துருச்சு... சீக்கிரம் வாங்க!"

பரிசல் தயாராக இருந்தது. தேவமணியின் கால்தான் தயாராக இல்லை. சின்ன வயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவள் அவள். தண்ணீர் என்றால் இன்றைக்கும் உடம்பு நடுங்கும். இத்தனை நாள் யாருக்கும் தெரியாத அந்த நடுக்கம், அக்கரைக்குப் போகப் பின்னால் நின்ற ஜெபராஜுக்குத் தெரிந்துவிட்டது. சிரிக்கப் போகிறான்... பஸ்ஸில் பட்டதற்குப் பழி தீர்க்கப் போகிறான்...

அவன் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னது நெசம்ங்க. போன வருஷம் எங்க கப்பல்ல பாதிப் பேரு படுத்துட்டாங்க. நாலு நாளு கரையே கண்ணுக்குத் தெரியல. நான் அழுதுட்டேன். அத பஸ்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு." கையை நீட்டினான். "பரிசல் சுத்தும். கரையப் பாத்தா தல கிறுகிறுக்கும். சுத்தாத ஒண்ணையே பாக்கோணும்."

"எதுங்க சுத்தாது?"

"எதுக்கால உக்காந்திருக்கற என் மூஞ்சிதான்!"

பரிசல் சுழன்றது. மரங்கள் சுழன்றன, பஸ் சுழன்றது, வானமே சுழன்றது... அவன் முகம் மட்டும் அப்படியே இருந்தது. இமையில் ஒரு மழைத்துளி... அவள் கண்ணை எடுக்கவே இல்லை. பயம் எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று அவளுக்கே தெரியாது.

சென்னம்மாவுக்குக் கால் முன்னால் வந்த குழந்தை. அரைமணி தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மதியம் பிள்ளை வீறிட்டபோது, வாசலில் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி ஜெபராஜின் முகமெல்லாம் கரியாகியிருந்தது.

சென்னம்மாவின் மாமியார் நஞ்சம்மா தாம்பூலத் தட்டோடு வந்தாள். தலைப்பிள்ளையைக் கையில் எடுத்தவளைப் புருஷனோடு நிற்கவைத்து வெற்றிலை பாக்கு கொடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்பது அந்த வீட்டு வழக்கம். பெட்டி தூக்கி வந்து அடுப்பும் ஊதியவன் புருஷன் இல்லாமல் வேறு யார்?

"உன் வூட்டுக்காரரையும் கூப்புடும்மா. ஜோடியா நில்லுங்க!"

இல்லை என்று சொல்ல இருவருக்கும் நேரம் இருந்தது. இருவரும் சொல்லவில்லை. நான்கு கைகள் ஒரே தட்டை வாங்கின.

திரும்பும்போது ஆற்றங்கரையில் அவன் நின்றான்.

"தேவமணி..." பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரை முதல்முறையாகச் சொன்னான். "அந்தம்மா தப்பா நெனச்சுட்டாங்க. போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"தட்ட வாங்கறப்ப எங்க போச்சுங்க இந்த வாயி?"

"எனக்கு அது தப்பாத் தோணலியே! வாந்திபேதின்னு கத்தினீங்களே, அப்பவே உங்களப் புடிச்சுப் போச்சு... ஆனா எனக்குக் கப்பல் வேல. நீங்க கப்பல்னாலே..."

அவள் யார் கையையும் பிடிக்காமல், தானாகவே பரிசலில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"கப்பலுக்கும் வர்றேன். தண்ணி காய்ச்சித்தான் குடிப்பேன். பயந்தா திட்டுவேன். நீங்க மட்டும் எதுக்கால உக்காந்திருக்கோணும்... எனக்கும் உங்களப் புடிச்சிருக்குங்க!"

பரிசல்காரர் மாதப்பன் துடுப்பைப் போட்டார். நடு ஆற்றில், யாரும் கேட்காமலே, பரிசலை இரண்டு சுற்று கூடுதலாகச் சுழற்றினார்.